கிரீம் ஊத்துன முட்டைகோஸ்: உங்க கேள்விகளுக்கு பதில்

போன இதழ்ல வந்த கிரீம் முட்டைகோஸ் செய்முறைக்கு இவ்வளவு கேள்வி வரும்னு எதிர்பார்க்கல. பார்க்காதவங்களுக்காக சுருக்கமா சொல்றேன், ஒரு கிலோ முட்டைகோஸை மெல்லிசா நறுக்கி 50 கிராம் வெண்ணெய்ல வதக்கி, 250 மில்லி கெட்டி கிரீம் ஊத்தி, மிளகு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய் போட்டு சுண்ட வச்சு இறக்குறது, நாலு பேருக்கு வரும். ருசியைப் பத்தி யாரும் கேக்கல, எல்லாரும் உடம்பைப் பத்திதான் கேட்டிருக்கீங்க. ஒரே மாதிரி வந்த கேள்விகளை சேர்த்து பதில் எழுதியிருக்கேன்.

கேள்வி: மேடம், முட்டைகோஸ் டயட்டுக்கு நல்லதுன்னு சொல்றாங்க, கிரீம் கெடுதல்னு சொல்றாங்க. ரெண்டையும் சேர்த்தா அது நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

பதில்: ஒரே வார்த்தையில சொல்ல முடியாதுங்க, ஏன்னா இதுக்கு பதில் முட்டைகோஸ்கிட்டயும் இல்ல, கிரீம்கிட்டயும் இல்ல, ரெண்டும் எந்த அளவுல சேருதுங்கறதுல இருக்கு. கணக்கு போட்டே பார்த்துடலாம்.

100 கிராம் பச்சை முட்டைகோஸ்ல சுமார் 25 கலோரிதான், அதுல 92 சதவீதம் தண்ணி. அதுக்குள்ளயே நார்ச்சத்து ரெண்டரை கிராம், விட்டமின் சி 36 மில்லிகிராம் கிட்ட, விட்டமின் கே 76 மைக்ரோகிராம், ஃபோலேட் 43 மைக்ரோகிராம் இருக்கு. கொழுப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஒரு ஆளுக்கு கால் கிலோன்னு வச்சா 60 கலோரி சொச்சத்துக்கு ஆறு கிராம் நார்ச்சத்து வருது, ஒரு நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல கால்வாசி இந்த ஒரு தட்டுலயே வந்துடுது. இது ரொம்ப பெரிய விஷயம்.

இப்ப கிரீம் பக்கம் வாங்க. கெட்டி கிரீம்ல 35 சதவீதம் கொழுப்பு, 250 மில்லிக்கு 840 கலோரி சுமார், அதுல செறிவுற்ற கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட், ரத்தத்துல கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தறது) மட்டும் 55 கிராமுக்கு மேல. 50 கிராம் வெண்ணெய் இன்னொரு 360 கலோரி, செறிவுற்ற கொழுப்பு 25 கிராம். எல்லாத்தையும் கூட்டி நாலா பிரிச்சா ஒரு ஆளுக்கு 360 கலோரி கிட்ட, செறிவுற்ற கொழுப்பு 20 கிராம். கலோரி கூட பரவால்ல, ஒரு வேளை சாப்பாட்டுக்குள்ள அடங்கிடும், பிரச்சனை அந்த 20 கிராம்தான். ஒரு நாள் கலோரியில செறிவுற்ற கொழுப்பு பத்து சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 2000 கலோரி சாப்பிடுற ஆளுக்கு அது 22 கிராம். அதாவது அன்னைக்கு மிச்சம் எல்லா வேளைக்கும் சேர்த்து ரெண்டு கிராம்தான் பாக்கி. ஏற்கனவே கொலஸ்ட்ரால் இருக்கறவங்களுக்கு டாக்டர்கள் இதைவிட குறைவாதான் வைக்கச் சொல்வாங்க.

அதுக்காக கிரீமையே தூக்கிப் போடச் சொல்லல. முட்டைகோஸ்ல இருக்கற விட்டமின் கே கொழுப்புல கரையுறது, கொஞ்சம் கொழுப்பு கூட இருந்தாதான் உடம்பு அதை நல்லா எடுத்துக்கும், வெறும் தண்ணியில வேகவச்சு உப்பு போட்டு சாப்பிடுறதைவிட ஒரு ஸ்பூன் கொழுப்போட சாப்பிடுறது அந்த வகையில மேல். ஆனா அதுக்கு ஒரு ஸ்பூன் போதும், 60 மில்லி தேவையில்ல.

நான் சொல்ற மாத்தம் இது: வெண்ணெய்க்கு பதிலா ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், அதுல முட்டைகோஸை வதக்கி ஒரு டேபிள்ஸ்பூன் மாவு தூவி பிரட்டி, 200 மில்லி பால் ஊத்தி கெட்டியானதும் கடைசியா 60 மில்லி கிரீம். இப்படி செஞ்சா ஒரு ஆளுக்கு 180 கலோரி, செறிவுற்ற கொழுப்பு அஞ்சு கிராம் அளவுக்கு இறங்கிடும். கிரீம் வாசனை நாக்குல முதல்ல படுறதுதான் முக்கியம், அது கடைசியில சேர்த்தா கொஞ்சத்துலயே கிடைக்கும், முதல்லயே ஊத்தி கொதிக்க விட்டா எவ்வளவு ஊத்தினாலும் பத்தாத மாதிரிதான் இருக்கும்.

கேள்வி: கிரீம்ல கால்சியம் இருக்குல்ல, அதனால எலும்புக்கு நல்லதுதானே?

பதில்: பலபேர் இப்படி நினைக்கறாங்க. பாலோட கால்சியம், புரதம் எல்லாம் தண்ணிப் பகுதியிலதான் அதிகம், கொழுப்பை மட்டும் பிரிச்செடுக்கறப்ப அது குறைஞ்சுடும். 100 கிராம் பால்ல 115 மில்லிகிராம் கிட்ட கால்சியம், கெட்டி கிரீம்ல அதுல பாதி சொச்சம்தான். கால்சியத்துக்காகன்னா பால் ஊத்துங்க, ருசிக்காகன்னா கிரீம் ஊத்துங்க. முட்டைகோஸ்ல கால்சியம் அளவு கம்மிதான், 40 மில்லிகிராம், ஆனா அதுல கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கற ஆக்ஸலேட் குறைவுங்கறதால இருக்கற கால்சியம் உடம்புல நல்லா சேரும், பசலைக்கீரையில அப்படி சேராது.

கேள்வி: கிரீம் வெண்ணெய் அளவுக்கு கெடுதல் இல்லன்னு எங்கயோ படிச்சேன், உண்மையா? என் கணவருக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) ஜாஸ்தி.

பதில்: நீங்க படிச்சது இதுவா இருக்கலாம். ஸ்வீடன்ல ஒரு ஆய்வு நடந்துச்சு, 2015ல வெளியாச்சு. அதிக எடை இருக்கறவங்களை ரெண்டு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுக்கு தினமும் 40 கிராம் பால் கொழுப்பை கிரீமாவும், இன்னொரு குழுவுக்கு அதே 40 கிராமை வெண்ணெய் உருக்குன எண்ணெயாவும் எட்டு வாரம் குடுத்தாங்க. வெண்ணெய் எண்ணெய் சாப்பிட்டவங்களுக்கு எல்டிஎல் ஏறுச்சு, கிரீம் சாப்பிட்டவங்களுக்கு ஏறல. பால்ல கொழுப்புத் துளி ஒவ்வொண்ணையும் சுத்தி ஒரு மெல்லிசான சவ்வு இருக்கும், கிரீம்ல அது அப்படியே இருக்கு, வெண்ணெய் கடையறப்ப உடைஞ்சு மோரோட போயிடுது, வித்தியாசத்துக்கு அதுதான் காரணம்னு ஆய்வு பண்ணவங்க சொல்றாங்க.

நல்ல ஆய்வுதான், ஆனா சின்ன ஆய்வு, எட்டு வாரம்தான். இதை வச்சு எல்டிஎல் ஜாஸ்தி இருக்கற ஒருத்தருக்கு கிரீம் தாராளமா ஊத்தலாம்னு நான் சொல்லமாட்டேன். வெண்ணெய், கிரீம் ரெண்டும் போட வேண்டிய செய்முறையில வெண்ணெயை எடுத்துட்டு எண்ணெய் வச்சுக்கலாம், கிரீமை மட்டும் கொஞ்சமா வச்சுக்கலாம்னு முடிவெடுக்க இது போதும். மாத்திரை சாப்பிடுறவரா இருந்தா அதை நிறுத்தறதைப் பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க.

கேள்வி: அக்கா, முட்டைகோஸை முதல்ல தண்ணியில வேகவச்சு வடிச்சுட்டு அப்புறம் கிரீம்ல போடுறேன், அப்பதான் நாத்தம் போகுது. இப்படி பண்ணா சத்து போயிடுமா?

பதில்: போகுதும்மா, அதுவும் எது முக்கியமோ அதுவே போகுது. விட்டமின் சியும் ஃபோலேட்டும் தண்ணியில கரையுறது, சூட்டுலயும் கொஞ்சம் அழியும், ஆனா பெரிய இழப்பு நீங்க சிங்க்ல கொட்டுற அந்த தண்ணியிலதான். இந்த மாதிரி குழம்பா இருக்கற செய்முறையில ஒரு நல்ல விஷயம் என்னன்னா வெந்த தண்ணி அப்படியே தட்டுக்கு வந்துடும், கரைஞ்சதும் அதோடவே வந்துடும், வடிச்சு அந்த லாபத்தை விட்டுடாதீங்க.

நாத்தத்துக்கு காரணம் வேற. முட்டைகோஸ், காலிஃபிளவர், பிராக்கோலி, முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம், எல்லாத்துலயும் குளுக்கோசினோலேட்னு கந்தகம் இருக்கற பொருள்கள் இருக்கு. நறுக்கும்போது செல் உடைஞ்சு மைரோசினேஸ்ங்கற நொதி அதோட கலந்து அந்த காரமான வாசனை வருது. அது நல்ல வாசனை. வேகவைக்க வைக்க அது உடைஞ்சு ஹைட்ரஜன் சல்ஃபைடு மாதிரி வாயுக்கள் வருது, அழுகுன முட்டை வாசனை அதுதான், நேரம் ஆக ஆக கூடிக்கிட்டே போகும். அதனால நாத்தத்தை போக்க இன்னும் கொஞ்ச நேரம் வேகவைக்கறது நேர் எதிரான வேலை. மெல்லிசா நறுக்கி, அகலமான பாத்திரத்துல கொஞ்சமா எண்ணெய், ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடி அஞ்சாறு நிமிஷம், கொஞ்சம் கடிபடுற பதத்துல இருக்கும்போதே பால் ஊத்துங்க. வாசனையும் வராது, சத்தும் நிக்கும்.

இன்னொண்ணு, அந்த நொதி சூட்டுல சீக்கிரம் செத்துடும். அதனால நறுக்குனதும் அடுப்புல போடாம ஒரு அரைமணி நேரம் அப்படியே விட்டுட்டு அப்புறம் சமைச்சா, குளுக்கோசினோலேட்டை உடம்புக்கு நல்லதுன்னு கருதற பொருள்களா மாத்தற வேலையை அது முன்னாடியே செஞ்சு முடிச்சிருக்கும். அதுக்கு நேரம் இல்லாதவங்க இறக்கினதும் ஒரு சிட்டிகை பச்சை கடுகுப்பொடி தூவலாம், கடுகுலயும் அதே நொதி இருக்கு, சமைச்ச பிராக்கோலியில இது வேலை செய்யுதுன்னு ஆய்வுல பார்த்திருக்காங்க. கிரீமோட கடுகு ருசியும் நல்லா சேரும்.

கேள்வி: எனக்கு தைராய்டு கம்மியா சுரக்குது, மாத்திரை சாப்பிடுறேன். முட்டைகோஸ் பக்கமே போகாதேன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. ஆசையா இருக்கு மேடம்.

பதில்: சாப்பிடுங்க. இந்த பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா உங்களுக்கே தெளிவாயிடும். 1928ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல வேற ஒரு ஆராய்ச்சிக்காக வளர்த்த முயல்களுக்கு கழுத்துல தைராய்டு வீங்கியிருந்ததை பார்த்தாங்க, அந்த முயல்களோட தீனி பெரும்பாலும் முட்டைகோஸ்தான். முட்டைகோஸ்ல இருக்கற சில பொருள்கள் தைராய்டு அயோடினை எடுத்துக்கறதை தடுக்குதுன்னு அப்புறம் தெரிஞ்சுது. அது உண்மைதான். ஆனா அந்த முயல்கள் சாப்பிட்ட மாதிரி நாம சாப்பிடுறது இல்லையே.

மனுஷங்கள்ல நடந்த ஒரு கேஸ் 2010ல மருத்துவ இதழ்ல வந்துச்சு. 88 வயசு அம்மா ஒருத்தர் சர்க்கரை குறையும்னு நம்பி சீன முட்டைகோஸ் வகையான பாக் சாயை தினமும் ஒரு கிலோவுல இருந்து ஒன்றரை கிலோ வரைக்கும் பச்சையா மாசக்கணக்கா சாப்பிட்டு, தைராய்டு சுத்தமா விழுந்து கோமா நிலைக்கு போயிட்டாங்க. கவனிங்க, தினமும், கிலோ கணக்குல, பச்சையா. நீங்க கேக்கறது வாரத்துல ரெண்டு தடவை கால் கிலோ, அதுவும் சமைச்சது. சமைக்கும்போது அந்த நொதி செயலிழக்கறதால அந்த தடுக்கற பொருள்களும் குறைவாதான் உருவாகும். அயோடின் உப்பு பயன்படுத்தறீங்களான்னு மட்டும் பாருங்க.

உங்க விஷயத்துல முட்டைகோஸைவிட பால்தான் நான் கவனிக்கச் சொல்றது. தைராக்ஸின் மாத்திரையை வெறும் வயித்துல சாப்பிட்டு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான் சாப்பாடு, ஏன்னா பால்ல இருக்கற கால்சியம் மாத்திரை உடம்புல சேர்றதை குறைக்கும். மதியமோ ராத்திரியோ சாப்பிட்டா அந்த கவலையும் இல்ல.

கேள்வி: அப்பாவுக்கு இதய வால்வு மாத்தி வார்ஃபரின் குடுக்கறாங்க. முட்டைகோஸ் தரலாமா?

பதில்: இது மத்த கேள்விகள் மாதிரி இல்ல, இதை கவனமா படிங்க. வார்ஃபரின் ரத்தம் உறையாம இருக்க குடுக்கற மருந்து, அது வேலை செய்யறதே ரத்தத்தை உறைய வைக்கற விட்டமின் கேயோட வேலையை தடுத்துதான். கால் கிலோ முட்டைகோஸ்ல 190 மைக்ரோகிராம் அளவு விட்டமின் கே வருது, பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு தேவையானதே ஆண்களுக்கு 120, பெண்களுக்கு 90 தான். கூட கிரீம் கொழுப்பு இருக்கறதால அது நல்லாவும் சேரும்.

ஆனா சாப்பிடவே கூடாதுங்கறது இல்ல. திடீர்னு கூட்டறதும் திடீர்னு குறைக்கறதும்தான் ஆபத்து. மாசக்கணக்கா முட்டைகோஸே சாப்பிடாதவர் ஒரு வாரம் தினமும் சாப்பிட்டா மருந்து பலம் குறைஞ்சு ரத்தம் உறையலாம், தினமும் சாப்பிட்டுட்டு இருந்தவர் சட்டுன்னு நிறுத்தினா மருந்து பலம் ஏறி ரத்தக்கசிவு வரலாம். வாரத்துக்கு இவ்வளவுன்னு ஒரே அளவா வச்சுக்கிட்டு, அதை டாக்டர்கிட்ட சொல்லி, ஐஎன்ஆர் டெஸ்ட் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கறது) பார்த்து மருந்து அளவை அதுக்கேத்த மாதிரி வைக்கச் சொல்லுங்க. புதுசா ஆரம்பிக்கறதா இருந்தா முதல்ல கேட்டுட்டு ஆரம்பிங்க. வேற சிலர் ரத்தம் உறையாம இருக்க அபிக்ஸபான், ரிவரோக்ஸபான், டாபிகட்ரான் சாப்பிடுறாங்க, அதுக்கும் விட்டமின் கேக்கும் சம்பந்தம் இல்ல, அவங்க இதைப் பத்தி கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: இதை சாப்பிட்ட ராத்திரி வயிறு உப்பி தூக்கமே போச்சு. முட்டைகோஸா கிரீமா, எதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

பதில்: ரெண்டுமே காரணமா இருக்கலாம், மூணாவதா ஒண்ணும் இருக்கலாம்.

முட்டைகோஸ்ல ராஃபினோஸ் மாதிரி சில சர்க்கரைகளும் ஃப்ரக்டானும் இருக்கு, அதை செரிக்கற நொதி மனுஷங்க குடல்ல கிடையாது, பெருங்குடல்ல இருக்கற பாக்டீரியாதான் அதை தின்னு வாயு விடுது. கந்தகம் இருக்கறதால அந்த வாயுல வாசனையும் அதிகம். இது யாருக்கும் நடக்கறது, வியாதி இல்ல. நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டு பழக்கமில்லாதவங்க ஒரேயடியா கால் கிலோ சாப்பிட்டா கண்டிப்பா உப்பும், அரை கப்ல ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்துல கூட்டுங்க, குடல் பழகிக்கும்.

கிரீம்ல பிரச்சனைன்னா அது லாக்டோஸ், அதாவது பால்ல இருக்கற சர்க்கரை. ஆனா கெட்டி கிரீம்ல 100 கிராமுக்கு மூணு கிராம் லாக்டோஸ்தான், பால்ல அஞ்சு கிராம் கிட்ட இருக்கு. அதனால நான் மேல சொன்ன பால் ஊத்துற முறை லாக்டோஸ் ஒத்துக்காதவங்களுக்கு இன்னும் கஷ்டம் குடுக்கும், அவங்க லாக்டோஸ் இல்லாத பால் வாங்கிக்கலாம். கண்டுபிடிக்க சுலபமான வழி, ஒரு நாள் முட்டைகோஸை எண்ணெய்ல மட்டும் வதக்கி சாப்பிட்டுப் பாருங்க, இன்னொரு நாள் வேற காயில அதே கிரீம் ஊத்தி சாப்பிட்டுப் பாருங்க.

மூணாவது, கொழுப்பு. கொழுப்பு அதிகமானா இரைப்பை காலியாக நேரம் எடுக்கும், படுத்தா நெஞ்செரிச்சலும் வரும். ராத்திரி லேட்டா சாப்பிட்டு உடனே படுத்திருந்தா முதல்ல அதை மாத்துங்க. செய்முறையில வெங்காயமோ பூண்டோ சேர்த்திருந்தீங்கன்னா அதுலயும் ஃப்ரக்டான் நிறைய இருக்கு, முட்டைகோஸ் மேல மட்டும் பழி போடாதீங்க. எடை குறையுறது, மலத்துல ரத்தம், ராத்திரி எழுப்பற வலி, இதுல எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்க.

கேள்வி: பித்தப்பையில கல் இருக்கு, ஆபரேஷன் வேண்டாம்னு இப்போதைக்கு விட்டிருக்காங்க. சாப்பிடலாமா?

பதில்: முட்டைகோஸ் தாராளமா, கிரீம் வேண்டாம். கொழுப்பு குடலுக்குள்ள வந்ததும் கோலிசிஸ்டோகைனின்னு ஒரு ஹார்மோன் சுரந்து பித்தப்பையை சுருங்க வைக்கும், கல் இருக்கற பித்தப்பை சுருங்கும்போதுதான் அந்த வலி வருது. கொழுப்பு குறைஞ்ச பால்ல மாவு கரைச்சு ஊத்தி செய்யுங்க.

கேள்வி: சர்க்கரை இருக்கறவங்களுக்கு இது நல்ல சாப்பாடுன்னு ஒருத்தர் சொன்னார், சரியா?

பதில்: பாதி சரி. 100 கிராம் முட்டைகோஸ்ல மாவுச்சத்து ஆறு கிராமுக்குள்ள, அதுலயும் ரெண்டரை கிராம் நார்ச்சத்து. கிரீம்லயும் சர்க்கரை குறைவு. அதனால சாப்பிட்டதும் ரத்த சர்க்கரை பெருசா ஏறாது. ஒரு டேபிள்ஸ்பூன் மாவு நாலு பேருக்கு பிரிஞ்சா அதுவும் பெரிய விஷயம் இல்ல. ஆனா சர்க்கரை இருக்கறவங்களுக்கு உண்மையான ஆபத்து இதயத்துலதான் வருது, அதனால சர்க்கரை மீட்டர் ஏறலங்கறதை மட்டும் பார்த்துட்டு தினமும் கப் கணக்குல கிரீம் ஊத்தறது தப்பு. இன்னொண்ணு, இதுல புரதம் ரொம்ப கம்மி, கால் கிலோ முட்டைகோஸ்ல மூணு கிராம் சொச்சம்தான். கூட முட்டையோ மீனோ பருப்போ கொண்டைக்கடலையோ இருக்கட்டும், சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு அளவை குறைச்சுக்கிட்டு தட்டுல பாதியை முட்டைகோஸுக்கு விடுங்க. அப்படின்னா அது நிஜமாவே நல்ல சாப்பாடு.

கேள்வி: முட்டைகோஸ்ல இருக்கற புழு மூளைக்கு போகுமாமே? வீடியோ பார்த்ததுல இருந்து என் மனைவி வாங்கறதையே நிறுத்திட்டாங்க.

பதில்: உங்க மனைவி பயப்படுற நோய் உண்மையானது, ஆனா முட்டைகோஸை குத்தவாளியாக்கினது தப்பு. இலைக்குள்ள பச்சையா நெளியுற புழு பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சியோட குஞ்சு, அது மனுஷன் உடம்புல வாழவே வாழாது. மூளைக்கு போறது டீனியா சோலியம்ங்கற நாடாப்புழு, அதோட முட்டை கண்ணுக்கே தெரியாது. அந்தப் புழு குடல்ல இருக்கற மனுஷனோட மலம் கலந்த தண்ணி, மண்ணு வழியா எந்த காய் மேலயும் ஒட்டலாம், கை கழுவாதவங்க கையிலயிருந்தும் வரலாம். முட்டைகோஸ்ல அடுக்கடுக்கா இலை இருக்கறதால கழுவறது கஷ்டம், பச்சையா சாப்பிடுறப்ப அதுதான் பிரச்சனை.

வெளி இலை ரெண்டு மூணை எடுத்துடுங்க, இலைகளை பிரிச்சு ஓடுற தண்ணியில கழுவுங்க, நல்லா ஆவி பறக்க சமைங்க, நல்ல சூட்டுல அந்த முட்டை செத்துடும். உப்பு தண்ணியில ஊற வைக்கறது இலைப்புழுவை வெளிய கொண்டு வரும், நாடாப்புழு முட்டையை கொல்லாது. இந்த கிரீம் முட்டைகோஸ் அடுப்புல வெந்து வர்றது, அதனால பயப்பட ஒண்ணும் இல்ல, மனைவிகிட்ட இதை படிச்சு காட்டுங்க.

கேள்வி: நான் அஞ்சு மாச கர்ப்பம். பச்சை முட்டைகோஸ்ல கிரீம், மயோனைஸ் கலந்து செய்யற கோல்ஸ்லா சாப்பிடலாமா, இல்ல சமைச்சதுதான் நல்லதா?

பதில்: சமைச்சதே சாப்பிடும்மா. 1981ல கனடாவுல லிஸ்டீரியா பாக்டீரியாவால நிறைய கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும் பாதிக்கப்பட்டாங்க, தேடிப் போனப்ப கோல்ஸ்லாவுக்கு வாங்குன முட்டைகோஸ்ல வந்து நின்னுச்சு, அந்த தோட்டத்துல நோய் வந்த ஆடுகளோட எருவை போட்டிருந்தாங்க, அறுவடைக்கப்புறம் குளிர்ல சேமிச்சும் வச்சிருந்தாங்க. லிஸ்டீரியா ஃபிரிட்ஜ் குளிர்லயும் வளரும், அதுதான் அதோட கெட்ட குணம். உணவு வழியா லிஸ்டீரியா பரவுதுன்னு மருத்துவ உலகத்துக்கு உறுதியா காட்டினதே அந்த சம்பவம்தான். கடையில நறுக்கி கலந்து வச்ச கோல்ஸ்லா இந்த நேரத்துல வேண்டாம். பாஸ்ச்சுரைஸ் பண்ண கிரீம்தானான்னு பாக்கெட்ல பார்த்து வாங்குங்க. சுடச்சுட சமைச்சது சாப்பிட்டா ஃபோலேட்டும் கொஞ்சம் கிடைக்கும், ஆனா டாக்டர் குடுத்த ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்கு அது ஈடாகாது.

கேள்வி: ஒரு வயசு குழந்தைக்கு?

பதில்: நல்லா மசிய வேகவச்சு ரெண்டு மூணு ஸ்பூன் குடுங்க. ரெண்டு வயசு வரைக்கும் குழந்தைக்கு கொழுப்பு வேணும், கொழுப்பு நீக்குன பால் வேண்டாம், அதனால பெரியவங்களுக்கு நான் சொன்ன கட்டுப்பாடு அவங்களுக்கு இல்ல. உப்பு போடறதுக்கு முன்னாடி குழந்தை பங்கை தனியா எடுத்துடுங்க. ஜாதிக்காய் வேண்டாம், பெரியவங்களுக்கும் அது சிட்டிகைதான், ஸ்பூன் கணக்குல போனா விஷம்.

கேள்வி: கிரீமுக்கு பதிலா தேங்காய்ப்பால் ஊத்தினா ஆரோக்கியம்தானே? முந்திரி அரைச்சு ஊத்தலாமா? தயிர்?

பதில்: செடியிலயிருந்து வந்தா செறிவுற்ற கொழுப்பு இருக்காதுன்னு நினைக்காதீங்க. கெட்டி தேங்காய்ப்பால்ல 100 கிராமுக்கு 20 கிராம் கிட்ட கொழுப்பு, அதுல பெரும்பகுதி செறிவுற்றதுதான். கெட்டி கிரீமைவிட மொத்தத்துல குறைவு, அவ்வளவுதான்.

முந்திரி எனக்கு பிடிச்ச வழி. 30 கிராம் முந்திரியை ஊறவச்சு அரைச்சா 165 கலோரி, கொழுப்பு 13 கிராம், அதுல செறிவுற்றது ரெண்டு ரெண்டரை கிராம்தான், மிச்சம் பெரும்பாலும் நல்ல கொழுப்பு, கொஞ்சம் புரதமும் வருது. ஒரு கிலோ முட்டைகோஸுக்கு 60 கிராம் முந்திரி போதும். கொட்டை அலர்ஜி இருக்கறவங்க வீட்ல இது கூடாது.

தயிர்தான் கலோரியில ரொம்ப குறைவு, புரதம் அதிகம். ஆனா கொதிக்கறப்ப ஊத்தினா திரிஞ்சுடும், திரிஞ்சாலும் உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, பார்க்கத்தான் நல்லா இருக்காது. அடுப்பை அணைச்சு சூடு கொஞ்சம் அடங்கினதும் ஒரு ஸ்பூன் மாவு கலந்து அடிச்ச தயிரை சேர்த்து லேசா சூடாக்குங்க. சீஸ் தூவறவங்களுக்கு ஒரு வார்த்தை, 100 கிராம் செடார்ல 600 மில்லிகிராமுக்கு மேல சோடியம், செறிவுற்ற கொழுப்பு 20 கிராம் சொச்சம், தூவறதா இருந்தா கிரீமை விட்டுடுங்க. ஸ்டாக் கட்டியும் போட்டு உப்பும் போடாதீங்க, அந்த கட்டியில கிட்டத்தட்ட பாதி உப்புதான்.

கேள்வி: முட்டைகோஸ் ஜூஸ் அல்சரை ஆத்தும்னு சொல்றாங்க, அப்ப கிரீம் முட்டைகோஸும் அல்சருக்கு நல்லதா?

பதில்: இல்லைங்க. 1949ல கார்னெட் சேனிங்கற அமெரிக்க டாக்டர் 13 நோயாளிகளுக்கு பச்சை முட்டைகோஸ் ஜூஸ் குடுத்து அல்சர் சீக்கிரம் ஆறுச்சுன்னு எழுதினார், அதுல இருக்கற பொருளுக்கு விட்டமின் யூன்னு பேரும் வச்சார், அது உண்மையில விட்டமின் இல்ல. அந்த பொருள் சூடாக்கினா உடைஞ்சு போயிடும், அதனால சமைச்சதுல அதை எதிர்பார்க்க முடியாது. பெரும்பாலான அல்சருக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் வலி மாத்திரைகளும்தான் காரணம். அந்த கிருமியை பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982ல கண்டுபிடிச்சாங்க, 2005ல நோபல் பரிசும் வாங்கினாங்க. அதுக்கு ஆன்டிபயாடிக் மருந்து இருக்கு. ஜூஸை நம்பி டெஸ்ட்டை தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: கலர் பச்சையா இருக்கவும் சீக்கிரம் வேகவும் ஆப்ப சோடா போடுறேன், தப்பா? ஊதா முட்டைகோஸ்ல செஞ்சா சத்து அதிகமா?

பதில்: சோடாவை விட்டுடுங்க, அது விட்டமின் சியையும் தயமினையும் (விட்டமின் பி1) அழிக்கும், முட்டைகோஸும் குழைஞ்சு போகும், சோடியமும் கூடும். ஊதா முட்டைகோஸ்ல விட்டமின் சி 57 மில்லிகிராம், பச்சையைவிட நல்லாவே அதிகம், ஆந்தோசயனின் நிறமியும் இருக்கு. கிரீமோட சேர்த்தா சாம்பல் நீலமா மாறும், புளிப்பு குறையறதால வர்ற மாத்தம்தான், கெட்டுப் போகல. ஒரு ஸ்பூன் எலுமிச்சை சாறு விட்டா ஊதா திரும்பும், ஆனா கிரீம் ஊத்தறதுக்கு முன்னாடி முட்டைகோஸ்ல விடுங்க.

கேள்வி: சிறுநீரக நோய்க்கு டயட்ல இருக்கேன், முட்டைகோஸ் மட்டும் அனுமதிச்சிருக்காங்க, கிரீம்?

பதில்: முட்டைகோஸ்ல 100 கிராமுக்கு 170 மில்லிகிராம்தான் பொட்டாசியம், அதனாலதான் அனுமதிச்சிருக்காங்க. உங்களுக்கு மட்டும் தண்ணியில வேகவச்சு வடிக்கறது சரி, பொட்டாசியம் இன்னும் இறங்கும். பால், சீஸ்ல பாஸ்பரஸ் இருக்கு, ஒரு ரெண்டு ஸ்பூன் கிரீம்ல அது குறைவுதான், ஆனா அளவை உங்க ரிப்போர்ட் கையில வச்சிருக்கற டயட்டீஷியன்தான் சொல்லணும்.

கேள்வி: மிச்சமானதை எத்தனை நாள் வச்சு சாப்பிடலாம்? மறுபடி சூடாக்கினா எண்ணெய் பிரிஞ்சு வருது.

பதில்: சமைச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜ்ல போயிடணும், பெரிய பாத்திரத்தோட வைக்காம அகலமான டப்பாவுல மெல்லிசா பரப்பி வைங்க, அப்பதான் நடுப்பகுதியும் சீக்கிரம் குளிரும். மூணு நாள், அதிகபட்சம் நாலு நாள். வாசனை நல்லா இருக்குங்கறதை வச்சு முடிவு பண்ணாதீங்க, கெடுதல் பண்ற கிருமி எல்லாம் வாசனை காட்டாது. ஒருத்தருக்கு வேணும்ங்கற அளவை மட்டும் எடுத்து நடுவுல ஆவி வர்ற வரைக்கும் சூடாக்குங்க, மொத்தத்தையும் சூடாக்கி மறுபடி உள்ள வைக்கற பழக்கம் வேண்டாம். எண்ணெய் பிரியறது கிரீம் திரிஞ்சதால, சின்ன தீயில ரெண்டு ஸ்பூன் பால் விட்டு கிளறினா சேர்ந்துடும்.